ஒரு மீட்டர் வெட்டின் கணக்கு

நீலகிரியின் வெலிங்டனில் ஒரு வீட்டுச் சமையல் மேடைக்குக் கிரானைட் வெட்டுகிறார்கள் என்று கொள்வோம். கல்லின் கனம் 20 மி.மீ., கட்டிங் மெஷின் பிளேடின் அகலம் 2 மி.மீ. ஒரு மீட்டர் நீளம் வெட்டினால் 40 கன சென்டிமீட்டர் கல் தூளாகிறது. எடை ஏறக்குறைய 108 கிராம். கல்லில் கால்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா என்றால், அந்தத் தூளில் 27 கிராம் சிலிக்கா.

இதில் ஒருவர் எவ்வளவு சுவாசிக்கலாம்? அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016-இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு ஷிப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுப்பவருக்கு அது அரை மில்லிகிராம். ஆண்டுக்கு 300 நாள் வீதம் 30 ஆண்டு உழைத்தால் மொத்தம் 4.5 கிராம். ஒரு தேக்கரண்டி உப்புகூட இல்லை.

27 கிராமும் நெஞ்சுக்குள் போய்விடாது. பெரும்பகுதி தரையில் படிந்துவிடும். ஆளை அழிப்பது கண்ணுக்குத் தெரியாத, 4 மைக்ரானுக்கும் குறைந்த துகள். நூற்றில் ஒரு பங்கு மட்டும் அப்படி மிதப்பதாக வைத்தாலும் 270 மில்லிகிராம். நீளம், அகலம், உயரம் பத்துப் பத்து அடியுள்ள அறையில் வரம்பைத் தொட 1.4 மில்லிகிராம் போதும். கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினால் சுமார் 190 மடங்கு. மலைக் குளிரில் கதவைச் சாத்துகிறவரை எப்படிக் குறைசொல்வது? படிந்த தூளைச் சித்தாள் உலர் துடைப்பத்தால் பெருக்கும்போது அது மறுபடி எழும்புகிறது. இந்தக் கணக்கில் அவரை யாரும் சேர்ப்பதில்லை.

சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்தாண்டுக்குப் பிறகே தலைகாட்டும். தூசி மிகுந்தால் ஐந்தாண்டுக்குள்ளும் வரும். தழும்பேறிய நுரையீரலைப் பழையபடியாக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் தொற்றும். 1997-இல் சிலிக்காத் தூசி புற்றுநோய்க் காரணியாகவும் உறுதியானது. வெலிங்டன் இருப்பது 1,850 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கெட்டுப்போன நுரையீரலுக்கு இங்கே படியேறுவதே பாரம்.

தடுக்க ஆகும் செலவு? பிளேடில் நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விழுந்தால் தூசியில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டர், இரண்டு மூன்று குடம். ஷாக் அடிக்கும் என்று தயங்குவது நியாயமான பயம். தண்ணீர் விட்டு வெட்டுவதற்கென்றே செய்த மெஷினும், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பரும் வேண்டும். அவற்றை வாங்கித்தர வேண்டியவர் ஒப்பந்தக்காரர்.

தடுக்காவிட்டால் ஆகும் செலவும் பதிவாகியிருக்கிறது. குஜராத்தின் கோத்ரா பகுதிக் குவார்ட்ஸ் அரவை ஆலைகளில் உழைத்துச் சிலிக்கோசிஸால் மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் தர 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மொத்தம் 7.14 கோடி. ராஜஸ்தானின் 2019-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம்.

கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நல வரியாகப் போகிறது; 30 லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு 30,000. கல் வெட்டுகிறவர்களுக்கும் பெருக்குகிறவர்களுக்கும் ஆண்டுக்கொரு மார்பு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் அந்தப் பணத்திலிருந்தே நடக்க வேண்டும். அதுவரை, இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எத்தனை ஆண்டு கல் வெட்டினோம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.