ஃபைன் கட்டினா போதாதா? பிரீமியர் லீக் ஏன் புள்ளியில கை வைக்குது?



2023 நவம்பர் 17. அன்னைக்கு எவர்ட்டன் அணிக்கு மேட்ச் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே நாளில், பிரீமியர் லீக் பட்டியலில் 14-வது இடத்திலிருந்து 19-வது இடத்துக்கு இறங்கிட்டாங்க. மொத்தம் 20 அணி. கடைசி மூணு இடத்தில் முடிச்சா அடுத்த சீசன் கீழ் டிவிஷன்ல. அப்படி என்ன நடந்தது? கணக்கு பார்த்தாங்க, 10 புள்ளியைப் பிடுங்கிட்டாங்க. அவ்வளவுதான்.

ஃபுட்பால் பார்க்காதவங்களும் தொடர்ந்து படிங்க. இது முழுக்க முழுக்க பணத்தைப் பத்தின கதை.

விதி என்ன?

அப்போ இருந்த விதிப்படி, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்ல ஒரு கிளப் மூணு வருஷத்தில் மொத்தமா 105 மில்லியன் பவுண்டு வரைக்கும்தான் நஷ்டம் காட்ட முடிஞ்சது. அதுலயும் 15 மில்லியனுக்கு மேல போற பகுதியை முதலாளி கடனா கொடுக்கக் கூடாதுன்னு இருந்தது. சொந்த முதலா போட வேண்டியிருந்தது. ஸ்டேடியம் கட்டுறது, இளம் வீரர்களுக்கான பயிற்சி மாதிரி செலவுகளைக் கழிச்சுட்டுத்தான் இந்தக் கணக்கு.

எவர்ட்டன் காட்டிய நஷ்டம் 124.5 மில்லியன். அதாவது 19.5 மில்லியன் பவுண்டு அதிகம். அன்றைய மதிப்பில் சுமார் 200 கோடி ரூபாய்.

"சரி, ஒரு ஃபைன் போட்டு விட வேண்டியதுதானே?" எவர்ட்டனும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டாங்க. விசாரணைக் குழு ஒத்துக்கலை. பணக்கார முதலாளி பின்னாடி நிக்கிற கிளப்புக்கு அபராதம் போதுமான தண்டனை இல்லைன்னு சொல்லிட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க, நியாயமான பேச்சு. அதிகமா செலவு பண்ணதுதான் தப்பு. அதுக்குத் தண்டனை இன்னும் கொஞ்சம் செலவுன்னா, வசதி உள்ளவனுக்கு அது இன்னொரு பில், அவ்வளவே.

தேதி தாண்டினா தாண்டினதுதான்

அடுத்தது நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். 2022-ல் மேல் டிவிஷனுக்கு வந்ததும், ஒரே கோடையில் 20-க்கும் மேற்பட்ட வீரர்களை வாங்கினாங்க. முந்தின ரெண்டு வருஷம் கீழ் டிவிஷன்ல இருந்ததால அவங்களுக்கு வரம்பு 61 மில்லியன்தான். அதை 34.5 மில்லியன் தாண்டிட்டாங்க.

அவங்க வாதம் சுவாரசியமானது. பிரென்னன் ஜான்சன்னு ஒரு வீரர், அவங்க அகாடமியிலேயே வளர்ந்தவர். வாங்கின விலைன்னு ஒண்ணு கிடையாது. அதனால வித்த பணம் அப்படியே லாபமா கணக்கில் வரும். கணக்கு முடியுற தேதி ஜூன் 30. ஃபாரஸ்ட் அதுக்குள்ள விக்கலை. செப்டம்பர் 1 அன்னைக்கு டாட்டன்ஹாமுக்கு 47.5 மில்லியனுக்கு வித்தாங்க. "காத்திருந்ததால நல்ல விலை கிடைச்சுது. இது புத்திசாலித்தனம்தானே?"ன்னு கேட்டாங்க.

குழு ஏத்துக்கலை. ரெண்டு மாசம் கழிச்சு வரப்போற பணம், ஜூன் 30 கணக்கில் பணமே இல்லை.

ஆனா ஒரு விஷயம் ஃபாரஸ்டுக்குக் கைகொடுத்தது. மொத்தம் 6 புள்ளி போக வேண்டியது. சீக்கிரமே தப்பை ஒத்துக்கிட்டு, விசாரணைக்கு ஒத்துழைச்சதால 2 குறைஞ்சு, 2024 மார்ச்சில் 4 புள்ளியோட முடிஞ்சுது.

எவர்ட்டனுக்கும் மேல்முறையீட்டில் 10 புள்ளி 6 ஆச்சு. ஆனா அடுத்த மூணு வருஷக் கணக்கிலும் வரம்பு தாண்டினதால, ஏப்ரலில் இன்னொரு 2 போச்சு. ரெண்டு அணியும் அந்த சீசனில் எப்படியோ தப்பிச்சுட்டாங்க.

யார் வயித்துல அடி?

புள்ளி பிடுங்கினதுக்கு அப்புறம் நடந்த முதல் ஹோம் மேட்ச்ல, எவர்ட்டன் ரசிகர்கள் லீக்கை ஊழல்னு சொல்லி பிங்க் அட்டை தூக்கினாங்க. அவங்க கோபம் புரியுது. செலவு பண்ண முடிவெடுத்தது நிர்வாகம். அனுபவிச்சது டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவங்க.

ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. எவர்ட்டன் வரம்பு தாண்டின கணக்கு முடிஞ்சது 2021-22 சீசனோட. அந்த வருஷம் எவர்ட்டன் 39 புள்ளியில் தப்பிச்சாங்க. பர்ன்லி 35 புள்ளியோட கீழே போனாங்க. பர்ன்லி மேல இந்த விதியில் எந்தக் குற்றச்சாட்டும் கிடையாது. தண்டனை வந்தது 2023-24-ல். அதுக்குள்ள பர்ன்லி கீழே போய், ஒரு வருஷம் அங்கே ஆடி, திரும்பியும் வந்துட்டாங்க. போன வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பா?

என்னைக் கேட்டா, புள்ளி பிடுங்குறது சரிதான். தப்பு, அது லேட்டா வர்றதுதான்.

இதுல நமக்கு என்ன?

கிரெடிட் கார்டு பில்லை விட்டுட்டா, லேட் ஃபீயைக் கட்டிட்டு மறந்துடுறோம். அது ஃபைன். உண்மையான புள்ளிக் கழிவு கிரெடிட் ஸ்கோர்ல நடக்குது. இன்னைக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுக்கடன் கேட்டு பேங்க்ல உட்காரும்போது தெரியும்.

மூணு விஷயம் மனசுல வைங்க.

ஒண்ணு: "போனஸ் வந்ததும் கட்டிடலாம்"னு இஎம்ஐ எடுக்காதீங்க. ட்யூ தேதியில் கையில் இருக்கிறதுதான் பணம். வரப்போறது ஜான்சன் டீல்.

ரெண்டு: கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, ட்யூ தாண்டுறதுக்கு முன்னாடியே பேங்க்ல பேசுங்க. முன்னாடியே பேசினா வழி கிடைக்கும்னு உறுதி இல்லை. ஆனா ஃபோனை எடுக்காம ஒளிஞ்சா நிச்சயம் கிடைக்காது.

மூணு: நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த பிங்க் அட்டையை நினைச்சுக்கோங்க. செலவு பண்றது அவன். அவன் கட்டலைன்னா அடி உங்க ஸ்கோர்லயும் விழும்.

அடுத்த சம்பளம் வர்றதுக்குள்ள ஒரு தடவை உங்க கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். உங்க புள்ளிப் பட்டியல் எங்கே நிக்குதுன்னு, மேட்ச் முடியுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே?