பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும் முறை

கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற வந்தவாசியிலும், பட்டுக்குப் பெயர்பெற்ற அண்டை ஊரான ஆரணியிலும் தறியின் அருமையை அறியாதவர் இல்லை. தறியில் ஓர் உறுப்புத் தேய்ந்தால் அவ்வுறுப்பை மட்டும் மாற்றுவார்கள். பட்டுத் தறியில் புதிய பூவேலை வேண்டுமானால், ஜக்கார்டு பெட்டியின் துளையிட்ட அட்டைகளை மாற்றுவார்கள். தறியையே தூக்கி எறிய மாட்டார்கள். ஆனால் பஞ்சாயத்து அலுவலகத்துக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால், “புதியது வாங்குவோம்” என்ற பேச்சே முதலில் எழுகிறது.

கம்ப்யூட்டர் மந்தமானால் நஷ்டம் நமக்கே. வீட்டுவரி கட்ட வந்த விவசாயிக்கு அரை நாள் வேலை கெடுகிறது. பஞ்சாயத்துகளின் திட்டமும் கணக்கும் ஏறுகின்ற இ-கிராம் சுவராஜ் தளம் 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டர் நின்றால் அந்தக் கணக்கும் நிற்கும். அவசியமின்றிப் புதியது வாங்கினாலோ, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஆக வேண்டிய பணம் கரைந்துவிடும்.

முதலில் குறையை அறிக

இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, கம்ப்யூட்டரில் உள்ள ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கள். விரைவில் திறந்தால் குறை இணைப்பில் இருக்கிறது. உறுப்புகளை மாற்றிப் பயனில்லை. அப்போதும் தாமதமானால் குறை கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர்களில் ஹார்டு டிஸ்க் என்னும் சுழலும் தட்டு உள்ளது. ஒரு முள் தட்டின் மீது அங்குமிங்கும் நகர்ந்து செய்திகளைத் தேட வேண்டும். தாமதத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் சுழலும் பாகம் ஏதுமில்லை. ஆகவே முதல் செலவு இதற்கே ஆகட்டும். அலுவலக வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி அளவு போதும்.

அடுத்தது ராம் என்னும் நினைவகம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குவது நன்று. டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வகைகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தா. பழைய ராமைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். 2025-இன் பிற்பகுதியில் உலகெங்கும் ராம் விலை ஏறியது. எனவே தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி தவறினால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்கமாட்டா. அந்தச் சிறு பேட்டரியை மாற்றினால் போதும். விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதற்குச் செலவே இல்லை.

எங்கே நிறுத்துவது?

மதர்போர்டும் பிராசசரும் மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், அங்கே நிறுத்தி யோசியுங்கள். அவற்றோடு ராமும் மாற வேண்டியிருக்கும். செலவு புதிய கம்ப்யூட்டரை நெருங்கிவிடும். எஸ்.எஸ்.டி.யோ நாளை வாங்கும் கம்ப்யூட்டரிலும் பயன்படும். இன்று வாங்கும் உறுப்பு நாளைக்கும் உதவுமா என்பதே நாம் கொள்ள வேண்டிய அளவுகோல்.

விண்டோஸ் 10-க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தன. ஏறக்குறைய 2017-க்கு முற்பட்ட பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகைய கம்ப்யூட்டரில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை இடலாம். ஆனால் அலுவலகத்தின் டிஜிட்டல் கையொப்பச் சாதனம் அதில் இயங்குகிறதா என்று முன்கூட்டியே சோதித்துக் கொள்ளுங்கள். இயங்காவிட்டால் அந்தக் கம்ப்யூட்டருக்குச் செலவிடாமல், புதியதற்குச் சேமிப்பதே மேல்.

கவனிக்க வேண்டியவை

வேலை தொடங்குமுன் எல்லாக் கோப்புகளுக்கும் நகல் எடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் விலை கேளுங்கள். உறுப்பின் பெயர், அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவை ரசீதில் எழுதப்பட வேண்டும். கழற்றிய ஹார்டு டிஸ்கைக் கடையில் விட்டுவராதீர்கள். அதில் ஊராரின் விவரங்கள் இருக்கின்றன. அவற்றை மீட்க முடியாதபடி அழித்த பின்னரே, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பஞ்சாயத்தின் பணம் ஊராரின் பணம். அடுத்த கூட்டத்தில் புதிய கம்ப்யூட்டர் பற்றிய தீர்மானம் வருமுன், பழையதைத் திறந்து பார்ப்போமாக.