குளிர்நாட்டில் ஒரு வீடு – 9: கராஜும் வீடும் சேரும் சுவர்

நவம்பர் பிறந்தால் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் நம்மவர் வீடுகளில் கராஜைப் பற்றிய பேச்சு வந்துவிடும். அதற்கு மேலேயுள்ள படுக்கையறையில் கால் வைக்க முடியாதபடி தரை சில்லிடும். உடனே நுரைப்பலகை வாங்கிவந்து பெரிய கதவில் ஒட்டுவார்கள். வேலையை அங்கே தொடங்கக் கூடாது. முதலில் கவனிக்க வேண்டியவை கராஜையும் வீட்டையும் பிரிக்கும் சுவர், கராஜின் மேல்தளம், வீட்டுக்குள் போகும் சின்னக் கதவு.

இதற்குக் குளிரைவிடப் பெரிய காரணம் காற்று. வீட்டின் சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகள் வழியே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று இழுபடும். கராஜ் சுவரில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் ஆவியும் கார்ப்புகையும் அதனோடு வரும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் நிமிடங்களில்தான் அது மிக அதிகமாக வெளிவருகிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். பெரிய கதவைத் திறந்துவைத்து 2 நிமிடம் காரைச் சூடாக்கியதிலேயே கராஜுக்குள் அது பத்து லட்சத்தில் 500 பங்காக ஏறியது. காரை வெளியே எடுத்து 10 மணி நேரம் கழிந்தும் மிச்சம் இருந்தது.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் பொரிக்கவும் நண்டுக்கறி காய்ச்சவும் கராஜில் புரொபேன் அடுப்பு வைத்திருக்கிறோம். குளிர் தாங்காமல் கதவை இறக்கிவிட்டுச் சமைப்பவர்களைக் கண்டு பதறியிருக்கிறேன். இடுக்குகளை அடைத்து இன்சுலேஷன் போட்டபின் அந்தப் புகைக்குப் போக்கிடமே இருக்காது. அடுப்பைத் தயவுசெய்து வெளியே கொண்டுபோங்கள்.

இனி வேலை. சுவரில் குழாயும் வயரும் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடையுங்கள். ட்ரைவால் இணைப்புகளுக்கு டேப் ஒட்டிப் பூசுங்கள். சின்னக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வேண்டும். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பது கட்டட விதி. கடைச் சாமான் தூக்கிவரும்போது இடைஞ்சல் என்று அதை மூடும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுகிறார்கள், மாட்டிவிடுங்கள்.

மேல்தளத்தில்தான் சிக்கல் அதிகம். கண்ணாடி நார்ப்பஞ்சு கீழே ட்ரைவாலின் மேல் கிடக்கும். அதற்கும் மாடித் தரைப்பலகைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். உத்தரங்களின் முனை வழியே வெளிக்காற்று அதற்குள் புகுந்து ஓடினால், எவ்வளவு தடிப்பாகப் பஞ்சு போட்டாலும் தரை குளிரும். உத்தர முனைகளை நுரைப்பலகையால் அடைத்து ஓரங்களைக் காற்றுப் புகாதபடி பூசிய பிறகே பஞ்சுக்குப் பலன்.

வெளிச்சுவர் 2×4 சட்டமானால் ஆர்-12 அல்லது 14, 2×6 ஆனால் ஆர்-20 அல்லது 22 பஞ்சு பொருந்தும் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு). ஈரம் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு சூடான பக்கத்தில் வர வேண்டும். நுரைப்பலகை தீப்பற்றக்கூடியது, அதை ட்ரைவாலால் மூடாமல் விடக்கூடாது. பெரிய கதவைக் கடைசியில் பாருங்கள். அதில் பலகை சேர்த்தால் எடை கூடும், ஸ்பிரிங்கைத் திருத்த வேண்டிவரும். அதற்குத் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், கை போய்விடும்.

அடைத்த கராஜுக்குக் காற்றோட்டம் கட்டாயம். கார் கொண்டுவரும் உப்புப் பனி உருகி, ஈரம் தங்கி, காரையே துருப்பிடிக்க வைக்கும். வெளியே காற்றைத் தள்ளும் விசிறி ஒன்று போட்டால் கராஜின் அழுத்தம் வீட்டைவிடக் குறையும்; காற்று வீட்டிலிருந்து கராஜுக்குப் போகுமே தவிர, திரும்பி வராது. ஒட்டாவா வீடுகளில் இப்படி விசிறி வைத்துச் சோதித்ததில் பெட்ரோல் ஆவியிலுள்ள பென்சீன் வீட்டுக்குள் குறைந்தது. விசிறி இருக்கிறதென்று உள்ளே காரை ஓடவிடலாகாது.

கராஜ் ஒட்டிய வீடுகளில் படுக்கையறைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014 அக்டோபர் முதல் ஒன்டாரியோவில் சட்டம். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. கழற்றிப் பின்புறத் தேதியை இன்றே பாருங்கள்.