நோய் கணவருக்கு, தூக்கம் ஏன் மனைவிக்கும் கெடுகிறது?

குடலைப் பாதிக்கும் கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி (அல்சரேட்டிவ் கொலைடிஸ்) இரண்டுமே தொற்றாதவை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பிறகு எப்படிக் கூட இருப்பவரும் வாடிப்போகிறார்?

இந்த நோய்களின் குணம் அப்படி. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள் வயிற்றுவலி, ரத்தப்போக்கு, கழிப்பறைக்கு ஓட்டம். எப்போது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறீர்கள். பொங்கும்வரை வேறு வேலை ஓடுமா? அந்தச் சில நிமிடங்களை வருடக்கணக்கில் நீட்டிப் பாருங்கள்.

மூளை இப்படிக் காவல் நிற்கும்போது, சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோலைச் சுரக்கின்றன. ஆபத்து தீர்ந்ததும் அளவு இறங்க வேண்டும். இங்கே தீர்ந்துவிட்டதென்று மூளை எதை வைத்து நம்பும்?

அதனால்தான் நடுராத்திரி கழிப்பறைத் தாழ்ப்பாள் சத்தத்துக்கே மனைவிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இது மூன்றாவது தடவையா, நான்காவதா என்று படுத்தபடியே எண்ணுகிறார். தண்ணீர் ஊற்றும் சத்தம் வரும்வரை கண் மூடாது.

பகலில் வேறு வேலை: கல்யாண வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் உறவுகளுக்குச் சாக்கு கண்டுபிடிப்பது. சர்க்கரை என்றால் சபையிலேயே சொல்லலாம். பேதியைச் சொல்ல நமக்கு நா எழாது. கணவரிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளில் ஒன்றை, "நீங்கள் தூங்கினீர்களா?" என்பதை, மனைவியிடமும் கேட்கலாம்.