பூண்டுக்கு இலைவழி ஊட்டம்

மலேசியாவின் ஜுரு பசாரில் குவித்து வைத்திருக்கும் வெள்ளைப் பூண்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலேறி வருவது. அங்கே சாண்டோங் மாநிலத்து ஜின்சியாங் வட்டாரம் பூண்டுக்கே பேர்போனது. நம் ஊரில் நட்டால் தாள் தளதளவென்று வரும், கிழங்கு திரளாது. பல் பிரிந்து முற்றக் குளிரும் நீண்ட பகலும் வேண்டும். ஜுருவில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். குளிருக்கோ வழியே இல்லை.

ஆகவே, பூண்டுக்கு நுண்ணூட்டம் தெளிப்பதைப் பற்றிப் பேசக் கொடைக்கானல் மேல்மலைக்குத்தான் போக வேண்டும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பயிராகும் ரகங்களில் ஒன்றுக்குச் 'சிங்கப்பூர் சிவப்பு' என்று பெயர். நமக்குப் பக்கத்து வீட்டுப் பெயர்!

மலை மண்ணில் புளிப்பு அதிகம். அடிக்கிற மழையில் போரான் கரைந்து ஓடிவிடும். புளிப்பைத் தணிக்கச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டாலோ, துத்தநாகம் மண்ணிலேயே இறுகிக்கொண்டு வேருக்கு எட்டாது. மணிச்சத்து மிகுந்தாலும் இதே கதைதான். இப்படிப்பட்ட நிலத்தில்தான் இலைவழித் தெளிப்புக்கு வேலை.

10 லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 50 கிராம். இலை கருகாமலிருக்க, 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிச் சேர்ப்பார்கள். நட்ட ஒரு மாதத்தில் தொடங்கி, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, வெயில் ஏறுமுன் அடிப்பது நல்லது. பூண்டு இலை குறுகலானது, நிமிர்ந்து நிற்பது, மேலே மெழுகு பூசினாற்போல் இருப்பது. வெறும் கரைசலை அடித்தால் துளிகள் உருண்டு கீழே விழுந்துவிடும். ஒட்டுத் திரவம் கலக்காத தெளிப்பு பாதி வீண்.

மகசூல் சரி, சத்து கூடுமா? இங்கேதான் விளம்பரங்கள் கொஞ்சம் தாராளமாகப் பேசுகின்றன. 100 கிராம் பூண்டில் இருக்கும் துத்தநாகம் சுமார் 1.2 மில்லிகிராம். ஐந்து பல் தின்றால் 0.2 மில்லிகிராம்கூடத் தேறாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 8 முதல் 11 மில்லிகிராம். தெளித்துப் பூண்டின் துத்தநாகத்தை இரட்டிப்பாக்கினாலும் சாப்பிடுகிறவருக்குப் பெரிய லாபமில்லை. பூண்டை நாம் தேடுவது அதன் காரத்துக்காக. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்ற பொருள் அல்லிசினாக மாறுகிறது. அந்த நெடி அதிலிருந்து வருவது. அல்லீன் உருவாகக் கந்தகம் வேண்டும். துத்தநாக சல்பேட்டோடு வரும் கந்தகம் வெறும் கொசுறு. பயிரின் பசிக்குக் கந்தகத்தை மண்ணில்தான் இட வேண்டும்.

என்னைக் கேட்டால், மண்ணைச் சோதிக்காமல் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது வீண் செலவு. பற்றாக்குறை இருந்தால் தெளிப்பில் பயிர் தேறும், கிழங்கு பருக்கும். இல்லாவிட்டால் மருந்துக் கடைக்காரருக்குத்தான் வருமானம். போரானில் இன்னும் கவனம் வேண்டும். பயிருக்குத் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 10 லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் போராக்ஸ் போதும். கை தாராளமானால் இலை நுனி கருகும்.