நீந்தத் தெரியாத கடல் ராஜா!
இந்தோனேசியாவை மிரட்டிய வைக்கோல் தொப்பிக் கொடி

தலையில் வைக்கோல் தொப்பி. காலில் சாதாரண செருப்பு. கையில் வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் அவன் ஒரு கடல் கொள்ளைக்காரன்!

அவன் பெயர் லூபி. ஜப்பானியப் படக்கதை ஒன்றின் கதாநாயகன். கதையின் பெயர் "ஒன் பீஸ்". எழுதி வரைபவர் எய்ச்சிரோ ஓடா. 1997-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கினார். ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டியும் கதை ஓடிக்கொண்டு இருக்கிறது. உலகம் முழுவதும் 50 கோடி பிரதிகளுக்கு மேல் அச்சாகி விட்டது.

நம்மவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், இது ஜப்பான்காரர்களின் "கன்னித்தீவு"!

சென்னையில் இருந்து கடலுக்கு அடியில் போடப்பட்ட கம்பிவடம் 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி அந்தமான் நிக்கோபாருக்கு இணைப்புக் கொடுத்தது. கேம்பல் பே வரை அது போகிறது. இந்தக் கதையைப் படமாகப் பார்க்க இனி அங்குள்ள பிள்ளைகளும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை.

ராஜா என்றால் யார்?

லூபி சிறுவனாக இருந்தபோது ஒரு மாயப் பழத்தைத் தின்று விடுகிறான். உடம்பு ரப்பர் போல நீள்கிறது. அதற்கு விலையும் உண்டு. அவனால் இனி நீந்த முடியாது. தண்ணீரில் விழுந்தால் கல்லாக மூழ்குவான். அப்படிப்பட்டவன், "கடல் கொள்ளையர்களின் ராஜா ஆவேன்" என்று கிளம்புகிறான்!

ராஜா ஆனால் என்ன செய்வான்? நாடு பிடிப்பானா? வரி வாங்குவானா?

இல்லை. கிழட்டு மாலுமி ஒருவர் அவனிடம் இதைக் கேட்கும் இடம், கதையிலேயே சிறந்த இடங்களில் ஒன்று. "எனக்கு யாரையும் ஆள வேண்டாம். கடலில் எவன் அதிக சுதந்திரத்தோடு இருக்கிறானோ, அவன்தான் ராஜா" என்ற கருத்தில் அவன் பதில் சொல்கிறான்.

அந்தக் கிழவருக்குப் புதையலின் ரகசியம் தெரியும். கூட்டாளி ஒருவன் ஆவலோடு கேட்க வாய் திறக்கிறான். லூபி கத்தித் தடுத்து விடுகிறான். அதைச் சொன்னால் பயணத்தையே விட்டுவிடுவானாம்! முடிவு தெரிந்த பயணம் அவனுக்குப் பயணமே அல்ல.

நம் சிந்துபாத் அப்படி அல்ல. குட்டி உருவமாகிப் போன லைலாவுக்காக அலைபவன். அவனை ஓட வைப்பது கடமை. லூபியை ஓட வைப்பது ஆசை. பெரியவர்களைக் கேட்டால் சிந்துபாத்தான் உத்தமன் என்பார்கள். அதையும் மறுப்பதற்கு இல்லை.

இன்னொரு இடத்தில், "நான் வீரன் அல்ல. வீரன் என்றால் இறைச்சியைப் பிறருக்குப் பகிர்ந்து கொடுப்பான். எனக்கு இறைச்சியை நானே தின்ன வேண்டும்" என்று கூட அவன் சொல்கிறான்!

10 கோடிக்கு ஒரு கிராமம்

அப்படியானால் இவன் சுயநலக்காரனா? நாமியின் கதையைக் கேளுங்கள்.

நாமி ஒரு தீவுப் பெண். ஆர்லாங் என்ற கொள்ளைக்காரன் அவள் ஊரைப் பிடித்துக் கொள்கிறான். தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கப்பம். கொடுக்காவிட்டால் சாவு. நாமியின் வளர்ப்புத் தாய் அப்படித்தான் பலியாகிறாள். சிறுமி நாமியை அவன் தூக்கிச் சென்று, கடல் வரைபடங்கள் வரைய வைக்கிறான். 10 கோடி கொண்டுவந்தால் ஊரை விற்று விடுவதாக வாக்குக் கொடுக்கிறான். அவள் திருடித் திருடிச் சேர்க்கிறாள். தொகை நிறையப் போகும் நேரத்தில், கடற்படை அதிகாரி ஒருவன் வந்து அத்தனையையும் பறித்துப் போகிறான். அனுப்பியவன் ஆர்லாங்தான்!

அவள் அழுது உதவி கேட்கும்போது, லூபி மறுக்கவில்லை. உயிராக மதிக்கும் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைக்கிறான். பிறகு போய் அடிக்கிறான். அங்கே அவன் நொறுக்குவது எதைத் தெரியுமா? அவள் அடிமையாக உட்கார்ந்து வரைபடம் வரைந்த அந்த அறையை!

சண்டை முடிந்ததும் ஊரை அவன் ஆளவில்லை. விருந்து சாப்பிட்டான். கப்பல் ஏறினான்.

தெருவுக்கு வந்த கொடி

லூபியின் கப்பல் கொடியில் மண்டை ஓடு. அதன் மேல் வைக்கோல் தொப்பி. 2025-ம் ஆண்டு இந்தக் கொடி புத்தகத்தை விட்டு வெளியே வந்தது.

இந்தோனேசியாவின் 80-வது சுதந்திர தினத்துக்கு முன்பு, அங்குள்ள லாரி டிரைவர்களும் பொதுமக்களும் இதைப் பறக்க விட்டார்கள். அரசின் மீது அவர்களுக்கு இருந்த அதிருப்திக்கு இது அடையாளம். தலைவர்கள் சிலர் ஆத்திரப்பட்டார்கள். ஒரு கார்ட்டூன் கொடிக்கு இவ்வளவு பயம்! இந்திரா முனையில் நின்றால், இந்தோனேசியாவின் எல்லைத் தீவு 200 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். நம் தலைநகர் ஸ்ரீவிஜயபுரம் (பழைய போர்ட் பிளேர்) அதைவிட வெகு தூரம்!

செப்டம்பரில் நேபாள இளைஞர்கள் அதே கொடியைத் தூக்கினார்கள். அரசு தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தபோது, அதன் வாசலில் அது தொங்கியது. பிரதமர் ஒலி பதவி விலகினார். உயிர்ப்பலி 70-ஐத் தாண்டியது. மடகாஸ்கர் இளைஞர்கள் தொப்பியை மட்டும் தங்கள் ஊர்த் தொப்பியாக மாற்றிக் கொண்டார்கள்.

எரிப்பதற்கு லூபியைச் சாட்சிக்கு இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உலக அரசாங்கத்தின் கொடியைக் கொளுத்தச் சொன்னவன்தான் அவனும். ஆனால் அது சாகத் துணிந்த ராபின் என்ற ஒரு தோழியை மீட்பதற்காக. மற்றபடி, நிஜக் கடல் கொள்ளையர்கள் லூபி போன்றவர்கள் அல்ல. மலாக்கா ஜலசந்தி வழியாகப் போய்வரும் மாலுமிகளைக் கேட்டால் சொல்வார்கள்!

திரும்பிப் போகும் சுதந்திரம்

கிரேட் நிக்கோபாரில் 1969-ல் இருந்து முன்னாள் ராணுவத்தினர் குடியேற்றப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அதில் உண்டு. காட்டைத் திருத்தி வீடு கட்டியவர்கள். அவர்கள் தேடி வந்தது சொந்த நிலம்.

அதே தீவின் மேற்குக் கரையில் நிக்கோபாரி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. மிஞ்சியவர்களை கேம்பல் பே பக்கம் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடிவைத்தார்கள். பழைய ஊருக்கே திரும்ப வேண்டும் என்று அவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அதே தீவில் கலாத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகத் திட்டம் வந்ததும், அந்தக் கோரிக்கை இன்னும் சிக்கலாகி விட்டது. 2022-ல் முதலில் கொடுத்த சம்மதத்தை, அதே ஆண்டு நவம்பரில் பழங்குடி கவுன்சில் திரும்பப் பெற்றது.

லூபிக்குச் சுதந்திரம் என்றால் ஊரை விட்டுக் கிளம்புவது. இவர்களுக்கு ஊருக்குத் திரும்புவது. கதையில் நாமி கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

2022-ம் ஆண்டில் "ஒன் பீஸ்" கதை கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தது. புதையல் என்ன என்பதை ஓடா இன்னும் சொல்லவில்லை.