சி3 குறையும்போது

ரத்தப் பரிசோதனை முடிவில் ஏதாவது ஒன்று கூடியிருந்தால் உடனே பதறுகிறோம். குறைந்திருப்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. லூபஸ் நோயில் அப்படி விட்டுவிடக் கூடாத இரண்டு புரதங்கள் சி3, சி4.

கிருமிகள் மீது ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்க உதவும் 'காம்ப்ளிமென்ட்' என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகின்றன. லூபஸில் உடல் தன் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. இரண்டும் பிணைந்த திரள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படியும்போது காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்பட்டு, உடைந்து, செலவாகின்றன. கல்லீரல் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் செலவானால் ரத்தத்தில் அவற்றின் அளவு சரிகிறது. சி3 பொதுவாக டெசிலிட்டருக்குச் சுமார் 90 முதல் 180 மில்லிகிராம் வரை இருக்கும். அது இறங்க, டி.என்.ஏ. எதிர்ப்பு ஆன்டிபாடி ஏறினால், வலியே இல்லாவிட்டாலும் மருத்துவர் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார். சிறுநீரகத்தைக் காப்பாற்ற அந்த முன்யோசனை அவசியம்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. இதே குடும்பத்தின் சி1கியூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. செத்த செல்களின் மிச்சங்களை அகற்றுவதிலும் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. அகற்றப்படாமல் கிடக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்தே எதிர்ப்பு மண்டலம் தடம்புரள்கிறது என்று கருதுகிறார்கள். நோயில் செலவாகிற குடும்பமே, நோய் வராமல் காக்கவும் செய்கிறது!

அறிகுறிக்கு முன்பே ரத்தம் மாறிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க ராணுவத்தினரிடம் எடுத்துச் சேமித்திருந்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியானது. பின்னாளில் லூபஸ் வந்த 130 பேரில் 88 சதவீதத்தினருக்கு, நோய் கண்டறியப்படும் முன்னரே ஏதாவது ஒரு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடி இருந்தது. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே.

ஆனாலும் ஒற்றை எண்ணை வைத்து நோயை முடிவுகட்ட முடியாது. செல் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை பாசிட்டிவாக வரும் ஆரோக்கியமானவர்கள் ஏராளம். மரபணுக் காரணத்தால் சிலருக்கு சி4 எப்போதுமே குறைவு. நோய்த்தொற்று வந்தால் சி3 ஏறி, உள்ளே நடக்கும் இழப்பை மறைத்துவிடலாம். அதனால்தான் ஒரே நோயாளியின் முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாதவியல் அமைப்புகள் 2019இல் வகுத்த வரையறையில் லூபஸ் என்று வகைப்படுத்தக் குறைந்தது 10 புள்ளிகள் தேவை. சி3, சி4 இரண்டும் குறைந்திருந்தாலும் கிடைப்பது 4 புள்ளிகள்தான்.